நெக்கார்சுல்ம் கம்பெனியும் மூன்று துண்டு சீலும்

1967-ல் வந்த ரோ 80 என்ற ஜெர்மன் காரில் கிளட்ச் மிதி கிடையாது. கியர் கம்பியின் குமிழுக்குள் ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருப்பார்கள். குமிழைத் தொட்டதும், காற்றை உறிஞ்சி இழுக்கும் வேக்குவம் சர்வோ கிளட்சை விலக்கும். கியரை மாற்றிவிட்டுக் கையை எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் கியர் கம்பியின் மேல் கையைச் சாய்த்து வைத்துக்கொண்டே ஓட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அப்படி ஒருவர் இந்தக் காரில் உட்கார்ந்தால், கை பட்ட மாத்திரத்தில் கிளட்ச் விலகும், கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும், சுமை இல்லாத எஞ்சின் ஒரே மூச்சில் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிடும். பிஸ்டன் எஞ்சின் என்றால் அலறியும் அதிர்ந்தும் காட்டிக்கொடுத்திருக்கும். இதில் இருப்பது வாங்கெல் ரோட்டரி எஞ்சின். வேகம் ஏற ஏற அது இன்னும் மென்மையாகத்தான் ஓடும். உள்ளே என்ன தேய்கிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது.

இந்தக் காரைச் செய்த என்.எஸ்.யூ. கம்பெனியைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாக ஒரே வரிதான் வரும்: வாங்கெல் எஞ்சின் செய்தார்கள், அது தாங்கவில்லை, கம்பெனி போய்விட்டது. இந்த வரி அவசரமானது. அந்தத் தொழிற்சாலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சினின் குறையையும் இரண்டு மூன்று வருடத்துக்குள் சரிசெய்துவிட்டார்கள். போனது பெயர் மட்டும்தான். அது போன விதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

1873-ல் கிறிஸ்டியான் ஷ்மிட், ஹைன்ரிக் ஸ்டோல் என்ற இருவர் டான்யூப் கரையில் ரீட்லிங்கன் என்ற ஊரில் பின்னல் இயந்திரம் செய்யத் தொடங்கினார்கள். 1880-ல் பட்டறை நெக்கார்சுல்முக்கு இடம் மாறியது. நெக்கார் ஆற்றில் சுல்ம் ஆறு வந்து கலக்கிற ஊர் அது. ஊர்ப் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகள்தான் என்.எஸ்.யூ. 1886-ல் சைக்கிள் செய்தார்கள். 1889-ல் டைம்லரின் கம்பிச் சக்கர வண்டிக்குச் சட்டம் செய்து கொடுத்தவர்களும் இவர்களே. 1901-ல் மோட்டார் சைக்கிள், 1905-ல் கார். இருபதுகளின் கடைசியில் கடன் கழுத்தை நெரித்தபோது ஹைல்ப்ரோனில் இருந்த கார் தொழிற்சாலையை ஃபியட்டிடம் விட்டுக்கொடுத்தார்கள். அதன்பின் பல வருடம் என்.எஸ்.யூ. என்றால் இருசக்கர வண்டி.

இருசக்கர வண்டியில் அவர்கள் அடைந்த இடத்தை இன்று யாரும் நினைப்பதில்லை. 1953-ல் வெர்னர் ஹாஸ் 125 சி.சி., 250 சி.சி. என்று இரண்டு பிரிவிலும் உலகச் சாம்பியன். 1955-ல் உலகத்திலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி என்.எஸ்.யூ. 'க்விக்லி' என்ற மொபெட் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1956-ல் அமெரிக்காவின் பான்வில் உப்புத் தரையில் வில்ஹெல்ம் ஹெர்ட்ஸ் மணிக்கு 339 கிலோமீட்டர் வேகத்தில் போய் உலகச் சாதனை படைத்தார்.

'மாக்ஸ்' என்ற 250 சி.சி. வண்டியின் வால்வு அமைப்பைப் பார்த்தால் இவர்களின் மனப்போக்கு புரியும். சிலிண்டரின் தலையில் இருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்ற மற்றவர்கள் செயின் போடுவார்கள், இல்லையென்றால் பெவல் கியர் போடுவார்கள். ஆல்பர்ட் ரோடர் இரண்டும் வேண்டாம் என்றார். பழைய நீராவி ரயில் எஞ்சினில் சக்கரங்களை இணைத்து ஓடுகிற கம்பியைப் போல, நீண்ட இணைப்புக் கம்பிகள் இரண்டைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் செங்குத்தாக நிறுத்தி, அவற்றாலேயே கேமைச் சுற்றவைத்தார். செயின் தளர்வதும் இல்லை, கியர் இரைவதும் இல்லை. அதிகம் பேர் போகாத வழியில் போய், அதைத் தெருவில் ஓடும் வண்டியிலும் வெற்றியாக்கிக் காட்டினார்கள். இந்த வெற்றி கொடுத்த துணிச்சல்தான் பின்னால் வாங்கெலை நம்பவைத்தது என்பது என் எண்ணம்.

ஐம்பதுகளின் பின்பாதியில் ஜெர்மன்காரர் கையில் காசு புழங்க ஆரம்பித்ததும் மோட்டார் சைக்கிள் சந்தை படுத்துவிட்டது. என்.எஸ்.யூ. மறுபடி காருக்குத் திரும்பியது. 1958-ல் விற்பனைக்கு வந்த 'பிரின்ஸ்' பின்பக்க எஞ்சின் கொண்ட குட்டிக் கார். எஞ்சின் 600 சி.சி.க்கும் குறைவு, இரண்டு சிலிண்டர், 20 குதிரைத்திறன். மாக்ஸில் வந்த அந்தக் கம்பி வால்வு அமைப்பே இதிலும். 1961-ல் வந்த பிரின்ஸ் 4 ஐரோப்பா முழுக்க ஓடியது. இத்தாலியில் மட்டும் பச்சை நிற பிரின்ஸ் எதிரில் வந்தால் ஆகாது என்று ஒரு நம்பிக்கை கிளம்பி, பூனை குறுக்கே போனதுபோல் ஆக்கிவிட்டார்கள். அடுத்து வந்த டி.டி., டி.டி.எஸ். வண்டிகள் காற்றால் குளிரும் நாலு சிலிண்டர் எஞ்சினோடு மலைப்பாதைப் பந்தயங்களில் பெரிய கார்களைத் துரத்தின. பின்பக்க மூடியைத் திறந்தபடி நிறுத்தி ஓட்டுவார்கள், சூடு வெளியேற. பந்தயப் படங்களில் என்.எஸ்.யூ.வை அடையாளம் காண அந்தத் திறந்த மூடி போதும்.

இனி ஃபெலிக்ஸ் வாங்கெல். இவர் பட்டம் படித்த எஞ்சினியர் கிடையாது. கிட்டப்பார்வையால் கார் ஓட்டும் உரிமமும் இல்லை. நாஜிக் கட்சியோடு ஆரம்ப காலத்திலேயே சேர்ந்தவர் என்ற கறையும் உண்டு. இவருடைய நிஜமான கைத்தொழில் சீல் வேலை. சுழல்கிற வால்வில் வாயு கசியாமல் அடைப்பது எப்படி என்பதைத்தான் போருக்கு முன்னும் போர்க் காலத்திலும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1951-ல் என்.எஸ்.யூ. அவரோடு ஒப்பந்தம் போட்டதும் அந்த அறிவுக்காகத்தான். எஞ்சின் பின்னால் வந்தது. முதல் ரோட்டரி எஞ்சின் 1957 பிப்ரவரியில் ஓடியது. அதில் உள்ளே இருக்கும் ரோட்டாரும் சுற்றும், அதைச் சுற்றியுள்ள கூடும் சுற்றும். வேகம் பயங்கரம். ஆனால் ஸ்பார்க் பிளக் மாற்றக்கூட எஞ்சினைப் பிரிக்க வேண்டும். என்.எஸ்.யூ. எஞ்சினியர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே கூட்டை அசையாமல் நிறுத்தி, ரோட்டாரை மட்டும் சுற்றவிட்டு 1958-ல் ஓட்டிக் காட்டினார். இன்று வாங்கெல் எஞ்சின் என்று நாம் சொல்வது பாஷ்கே மாற்றியமைத்த இந்த வடிவத்தைத்தான். தன் பந்தயக் குதிரையை உழவுக் குதிரை ஆக்கிவிட்டார்கள் என்று வாங்கெல் வருத்தப்பட்டாராம். காரில் வைக்க உழவுக் குதிரைதான் வேண்டும் என்பது என் கட்சி.

இதன் இயக்கம் சுலபம். இடுப்பு லேசாக ஒடுங்கிய ஒரு கூடு. அதற்குள் பக்கங்கள் வளைந்த முக்கோண ரோட்டார். ரோட்டார் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நடுவில் உள்ள எக்சென்ட்ரிக் ஷாஃப்ட், அதாவது மையம் விலகிய தண்டு, மூன்று சுற்று சுற்றிவிடும். முக்கோணத்தின் மூன்று முகங்களிலும் உறிஞ்சுதல், அமுக்குதல், எரிதல், வெளியேற்றுதல் மாறி மாறி நடக்கும். வால்வு இல்லை, கேம் இல்லை, மேலும் கீழும் போய்வரும் எதுவும் இல்லை. அதனால்தான் அந்த மென்மை.

தொல்லை முழுவதும் முக்கோணத்தின் மூன்று முனைகளில். ஒவ்வொரு முனையிலும் ஒரு பள்ளம் வெட்டி, அதில் ஒரு உலோகப் பட்டையைச் செருகி, பின்னால் ஒரு ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். அதுதான் முனை சீல். பிஸ்டன் ரிங்கோடு ஒப்பிட்டால் இதன் பாடு தெரியும். ரிங், சிலிண்டர் சுவரோடு எப்போதும் ஒரே கோணத்தில் ஒட்டி நிற்கும். ஒரு பிஸ்டனுக்கு இரண்டு மூன்று ரிங் துணைக்கு இருக்கும். முனை சீல் தனி ஆள். கூட்டுச் சுவரை அது தொடுவது ஒரு கோடு அளவுக்குத்தான், அந்தக் கோணமும் சுற்றில் மாறிக்கொண்டே இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் திரும்பும்போது ஒரு கணம் நிற்கும். முனை சீலுக்கு அந்த ஓய்வும் கிடையாது. அதோடு, எரிதல் எப்போதும் கூட்டின் ஒரே பக்கத்தில், குளிர்ந்த கலவை நுழைவது எப்போதும் மறுபக்கத்தில். ஒரு பக்கம் வெந்து இன்னொரு பக்கம் குளிர்ந்து கிடக்கும் கூடு லேசாக வடிவம் பிசகும். அந்தப் பிசகலையும் இந்த ஒற்றைப் பட்டைதான் ஈடுகட்ட வேண்டும்.

ஜப்பானில் மாஸ்டா 1961-ல் உரிமம் வாங்கி வேலையை ஆரம்பித்தபோது கூட்டுச் சுவரில் வரிவரியாகக் கீறல் விழுந்தது. சீல் அதிர்ந்து குதித்துக் குதித்துப் போனதன் தடம் அது. பேயின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோவின் குழு அலுமினியம் ஊட்டிய கார்பன் சீல் போட்டு அதைத் தாண்டி வந்தது. என்.எஸ்.யூ. சுவர்ப் பூச்சின் பக்கம் நல்ல விடை கண்டது: மாலே கம்பெனியின் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த பூச்சு. அலுமினியக் கூட்டின் மேல் நேராகப் பூசலாம், சீக்கிரம் தேயாது. பின்னாளில் மோட்டார் சைக்கிள் சிலிண்டர்கள் பலவற்றில் பரவிய பூச்சு இதுவே.

1964-ல் வாங்கெல் ஸ்பைடர் விற்பனைக்கு வந்தது. ஒற்றை ரோட்டார், 498 சி.சி., 50 குதிரைத்திறன். மொத்தம் 2,375 வண்டிதான் செய்தார்கள். உலகில் விற்பனைக்கு வந்த முதல் ரோட்டரி கார். வாங்கியவர்களே பரிசோதனைக்கும் ஆளானார்கள் என்று சொன்னால் தப்பில்லை. இரண்டு இருக்கை கொண்ட ஒரு விளையாட்டுக் காருக்கு அது பொருந்தும். அடுத்த காருக்கும் அதே கணக்கைப் போட்டதுதான் சறுக்கல்.

ரோ 80, 1967 செப்டம்பரில் ஃபிராங்பர்ட் கண்காட்சியில் வந்து நின்றது. க்ளாவுஸ் லூட்டே வரைந்த உடல். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த ஆப்பு வடிவம், ஆறு சன்னல், காற்றுத் தடை எண் 0.355. அன்றைக்குத் தெருவில் ஓடிய பெட்டிக் கார்களின் நடுவே இது இருபது வருடம் முன்னால் வந்துவிட்டது போலத்தான் இருந்தது. 497.5 சி.சி. ரோட்டார் இரண்டு, 115 குதிரைத்திறன், உச்ச வேகம் 180 கிலோமீட்டர். முன்சக்கர ஓட்டம், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், முன் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லாமல் கியர்பெட்டியை ஒட்டி உள்ளே, பவர் ஸ்டீயரிங். 1968-க்கான ஐரோப்பிய ஆண்டின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. 1982-ல் வந்த ஆடி 100-ஐ இதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், உறவு தெரியும்.

காரில் குறை சொல்ல இடமில்லை. எஞ்சினில்தான் குறை எல்லாம். 25,000 கிலோமீட்டருக்குள்ளேயே தொல்லை தலைகாட்டியது. 50,000 கிலோமீட்டர் எட்டும் முன்பே பல வண்டிகளுக்கு முழு எஞ்சின் வேலை பார்க்க வேண்டிவந்தது. காரணம் முனை சீலின் அமைப்பு. சீல் மூன்று துண்டு: நடுவே நீளமான பட்டை, இரண்டு ஓரத்திலும் பக்கச் சுவரை அடைக்கும் சிறு துண்டுகள். மூன்றும் ஒரே உலோகம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது எண்ணெய்ப் படலம் போதாது. அப்போது நடுத்துண்டு மற்ற இரண்டையும்விட வேகமாகத் தேயும். நடு தேய்ந்ததும் ஓரத் துண்டுகளுக்குப் பிடிமானம் போய் ஆட ஆரம்பிக்கும். அந்த இடைவெளியில் எரிந்த வாயு அடுத்த அறைக்குள் கசியும். கம்ப்ரஷன், அதாவது அறைக்குள் அமுக்கிய அழுத்தம், போகும், வண்டி சூட்டில் கிளம்பாது, இழுவை குறையும், புகை தள்ளும்.

ஆக, காலையில் கிளப்பி நாலு தெரு தள்ளி நிறுத்தி, மாலையில் மறுபடி கிளப்புகிறவரின் வண்டிதான் முதலில் போனது. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓட்டுகிறவரின் எஞ்சின் நன்றாகவே உழைத்தது. கம்பெனியின் சோதனை ஓட்டத்தில் எஞ்சின் பெரும்பாலும் சூட்டில் இருக்கும். நகரத்து வைத்தியரின் கார் வருடம் முழுக்கப் பாதிச் சூட்டிலேயே கிடக்கும். சோதனையில் தெரியாதது தெருவில் தெரிந்த கதை இதுதான்.

திருத்தம் கேட்டால் சின்னதாக இருக்கும். நடுத்துண்டை மட்டும் ஃபெர்ரோட்டிக் என்ற பொருளில் செய்தார்கள். டைட்டானியம் கார்பைடைக் கலந்து சூட்டில் அழுத்திச் செய்த உலோகம் அது. தேய்மானம் அடங்கியது. பற்றவைப்பை மாற்றி, ரோட்டாருக்கு இரண்டாக இருந்த பிளக்கை ஒன்றாக்கினார்கள். வேகம் எல்லை தாண்டினால் கத்துகிற ஒலிப்பானும் வைத்தார்கள், கியர் குமிழில் கை வைக்கிற பழக்கத்துக்குச் சேர்த்து மருந்தாக. 1970 மாடல் வண்டிகளில் பெரும்பாலான குறைகள் போய்விட்டன.

அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. இதில் கம்பெனியின் நல்ல குணமே அதற்கு எதிராக நின்றது என்பதுதான் எனக்கு மனசு ஆறாத இடம். புகார் வந்தால் வாதாடாமல், வாரன்டியில் புது எஞ்சினையே மாட்டிக் கொடுத்தார்கள். மெக்கானிக்குகளுக்கு இந்த எஞ்சின் புதிது. எது சீல் தேய்ந்த எஞ்சின், எது வெறும் பிளக் கெட்ட எஞ்சின் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எந்த ரோட்டரி எஞ்சினையும் குளிரில் கிளப்பி, நாலடி நகர்த்தி, உடனே நிறுத்தினால் பெட்ரோல் உள்ளே தேங்கி, சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். கம்ப்ரஷன் விழுந்து எஞ்சின் செத்ததுபோலக் கிடக்கும். பிளக்கைக் கழற்றி, பற்றவைப்பைத் துண்டித்து, ஸ்டார்ட்டரைச் சுற்றித் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றி, ஒவ்வொரு அறைக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டால் பிழைத்துக்கொள்ளும். இது தெரியாத இடத்தில் எஞ்சினை இறக்கி வேறொன்றை ஏற்றினார்கள். எதிரெதிரே போகும் ரோ 80 ஓட்டிகள் விரல்களை உயர்த்தி எத்தனையாவது எஞ்சின் என்று காட்டிக்கொள்வார்கள் என்ற கதை ஜெர்மனி முழுக்கப் பரவியது. எத்தனை பேர் நிஜமாகவே விரல் காட்டினார்களோ, கதை மட்டும் காரைவிட வேகமாக ஓடியது.

அதன் மேல் பெட்ரோல் செலவு. எரியும் அறை நீண்டு தட்டையாக இருப்பதால் சூடு சுவர்களில் போய்விடும், கலவை முழுசாக எரியாது. 100 கிலோமீட்டருக்கு 13 முதல் 16 லிட்டர் குடித்தது. 1973 எண்ணெய் நெருக்கடியில் இது தாங்கக்கூடிய கணக்கு இல்லை. சீலுக்கு எண்ணெய் போட ஒரு தனி பம்ப் கார்புரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விடும். அதாவது இந்த எஞ்சின் எண்ணெய் குடிப்பது குறை கிடையாது, அமைப்பே அப்படி. எண்ணெய் மட்டக் கம்பியைப் பார்க்காத ஆளிடம் இந்த வண்டி நிலைக்காது.

வாரன்டிச் செலவைத் தாங்கும் உடம்பு அந்தக் கம்பெனிக்கு இல்லை. 1969-ல் ஃபோக்ஸ்வாகன் தன் கையிலிருந்த, ஆடி கார் செய்துவந்த ஆட்டோ யூனியனோடு இதையும் இணைத்து 'ஆடி என்.எஸ்.யூ. ஆட்டோ யூனியன்' ஆக்கியது. அந்த வருடம் ஜெனீவா கார் கண்காட்சியில் காட்ட வைத்திருந்த என்.எஸ்.யூ. கே 70 காரைக் கடைசி நேரத்தில் நிறுத்தி, 1970-ல் ஃபோக்ஸ்வாகன் கே 70 என்று பெயர் மாற்றி விற்றார்கள். பின்பக்கம் காற்றால் குளிரும் எஞ்சினையே கட்டிக்கொண்டிருந்த ஃபோக்ஸ்வாகனுக்கு, முன்பக்க எஞ்சின், தண்ணீர்க் குளிர்ச்சி, முன்சக்கர ஓட்டம் மூன்றும் சேர்ந்த முதல் கார் அது. அதற்கான நன்றியை யாரும் உரக்கச் சொன்னதில்லை.

ரோட்டரி எஞ்சினைத் தொட்ட மற்றவர்கள் பாடும் சுகமில்லை. சிட்ரோன் 1973-ல் விட்ட ரோட்டரி காரில் 847 வண்டியோடு நிறுத்தி, விற்றவற்றையும் திருப்பி வாங்கி உடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1970-ல் 5 கோடி டாலருக்கு உரிமம் பேசிவிட்டு, ஒரு கார்கூட விற்காமல் கைவிட்டது. மாஸ்டா ஒன்றுதான் விடாமல் பிடித்து, 1991-ல் லெ மான் 24 மணிப் பந்தயத்தை ரோட்டரி எஞ்சினாலேயே வென்றது.

ரோ 80 உற்பத்தி 1977-ல் நின்றது. பத்து வருடத்தில் சுமார் 37,400 வண்டி. அதற்கு முன்பே, 1975 ஏப்ரலில், தொழிற்சாலையை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நெக்கார்சுல்மிலிருந்து ஹைல்ப்ரோனுக்கு ஊர்வலம் போனார்கள். ஆலை தப்பித்தது. போர்ஷே 924-ஐ அங்கேதான் கோத்தார்கள். 1994-ல் ஆடி ஏ8-இன் அலுமினிய உடலும் அங்கிருந்துதான் வந்தது. 1985-ல் கம்பெனிப் பெயர் வெறும் ஆடி என்று சுருங்கியபோது என்.எஸ்.யூ. என்ற எழுத்துகள் பலகையிலிருந்து இறங்கின.

எஞ்சின் போன ரோ 80 பலவற்றில் ஃபோர்டின் வி4 எஞ்சினை ஏற்றினார்கள். அந்தக் குட்டையான இடத்தில் அடங்கக்கூடிய பிஸ்டன் எஞ்சின் அது ஒன்றுதான் சுலபமாகக் கிடைத்தது. ஓடும், ஆனால் அதிரும். இந்தக் காரை இந்தக் காராக ஆக்கிய பொருளையே எடுத்துவிட்ட மாதிரி. இன்று வாங்க நினைக்கிறவர் மூடியைத் திறந்ததும் முதலில் அதைப் பார்க்க வேண்டும். உள்ளே ரோட்டரிதான் இருக்கிறது என்றால் அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். சாதாரண கேஜை அப்படியே மாட்டினால் ஏமாந்துபோவோம். ஒரு ரோட்டாருக்கு மூன்று அறை. கேஜ் அவற்றில் அதிகமானதை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு நல்ல எஞ்சின் என்று சொல்லும். அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் கேஜின் வால்வு கோரைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பற்றவைப்பைத் துண்டித்து, பிளக்கைக் கழற்றிக் கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரியால் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். முள் துள்ளும். மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே பார்க்க வேண்டும். மூன்று துள்ளலும் ஒரே உயரம் என்றால் சீல் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் குட்டை என்றால், ரோட்டாரின் பக்கவாட்டை அடைக்கும் பக்கச் சீல் அந்த முகத்தில் தேய்ந்துவிட்டது. அடுத்தடுத்து இரண்டு குட்டை, ஒன்று உயரம் என்றால், அந்த இரண்டு அறைக்கும் நடுவே நிற்கும் முனை சீல் தேய்ந்துவிட்டது. ஒரு ரோட்டார் முடிந்ததும் அடுத்ததற்கும் இதையே செய்து பார்த்த பிறகு விலை பேசலாம்.